பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு சம்பளப் புத்தகம்

எங்கள் வீட்டுச் சுவாமித் தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், ஒரு ஜேர்மன் படைவீரனின் சம்பளப் புத்தகம் பன்னிரண்டு நாள் இருந்தது. வைத்தது நான்தான். முக்கியமான கடதாசி எது வந்தாலும் அங்கேதான் வைப்பேன். பாஸ்போட், வாடகைப் பத்திரம், என் கணவருடைய கண் ஒப்பரேசன் துண்டு, எல்லாம் அங்கேதான். அங்கே வைத்தால் தொலையாது. தொலைந்தாலும் யாரைக் கேட்பது என்று தெரியும்.

காலையில் விளக்குக் கொளுத்தப் போன என் வீட்டுக்காரர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"இஞ்சாரும்! ஆமிக்காரனைப் பிள்ளையாரோட இருத்தி வைச்சிருக்கிறீர். திருநீறும் பூசிவிடவோ?"

"அது முன்வீட்டு மனிசியின்ரை அப்பா. சும்மா இருங்கோ."

"ஆரின்ரை அப்பா எண்டாலும் ஆமி ஆமிதானே?"

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனாலும் நான் ஒருமுறை அந்தத் தட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருப்பது பதினேழாம் மாடி. எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவு அந்த முன்வீட்டு மனிசியுடையது. அவளுக்கு எண்பத்திரண்டு வயது. பத்து வயதில் தாய் தகப்பனோடும் அண்ணனோடும் ஜேர்மனியிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவள். நானோ ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கூச்சக்காரி. வெளியே யாராவது நின்றால், அவர்கள் எலிவேற்றரில் ஏறிப் போகும்வரை கதவுக்குள்ளேயே நிற்பேன். அவள்தான் முதலில் வந்து தட்டினாள். கையில் உட்துணி கிழிந்த கோட்டு ஒன்று. நான் வீட்டில் சட்டை தைத்துக் கொடுப்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கோட்டைத் தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா, நான் அவளுக்குத் தங்கச்சி. அந்த இரண்டு சொல்லும் அவளுக்குத் தமிழிலேயே வரும். மற்றதெல்லாம் ஆங்கிலம். என் உடைந்த ஆங்கிலத்தையும் அவளுடைய ஜேர்மன் வாடை வீசும் ஆங்கிலத்தையும் அப்படியே எழுத எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்ட மாதிரியே எழுதுகிறேன்.

விட்பி என்ற பக்கத்து ஊரில் இருக்கும் அவளுடைய அண்ணன் பெரிய வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருந்தபோது, தகப்பனின் பழைய ஆயுதப் பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றியபடி இந்தப் புத்தகம் கிடைத்திருக்கிறது. ஆயுதம் என்றால் சுத்தியலும் திருப்பியும்தான். போர் முடிந்த பிறகு அந்த மனிதர் கார் திருத்துபவராகவே வாழ்ந்து முடித்தவர். போரில் யுத்தத் தாங்கி என்கிற பீரங்கி வண்டி ஒன்றுக்குள் இருந்து வானொலி இயக்கியவர் என்பதற்கு மேல் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது.

என் தையல் மேசையில் பூதக்கண்ணாடி பூட்டிய விளக்கு ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தங்கச்சி, எனக்கு ஒரே ஒரு விசயம்தான் தெரியவேணும்," என்றாள். "நான் பிறந்து மூண்டாம் கிழமை எனக்கு ஞானஸ்நானம். அண்டைக்கு அப்பா போர்முனையிலயிருந்து லீவிலை வந்து, என்னைத் தானே கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனவர் எண்டு அம்மா சாகுமட்டும் சொன்னவ. அண்ணன் சொல்லுறான், அது பொய்யாம். நீ கவலைப்படக்கூடாதெண்டு அம்மா கட்டினதாம். அப்பா உன்னை முதல்முதல் கண்டது நீ பள்ளிக்கூடம் போற வயதிலதானாம்."

"உங்கடை அண்ணனுக்கு அப்ப எத்தினை வயது?"

"அஞ்சு. அண்டைக்கு வந்த ஒரு விருந்தாளிக்காகத் தன்ரை கட்டிலைப் பறிச்சு, தன்னைக் குசினி வாங்குப் பலகையிலை படுக்கவிட்டவை எண்டு இண்டைக்கும் புறுபுறுக்கிறான். அது ஞாபகமிருக்கிறவனுக்கு அப்பா வந்தது ஞாபகமிருக்காதோ?"

பிறகு சத்தத்தைக் குறைத்துச் சொன்னாள். தகப்பன் சிறை முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அவளுக்கு ஆறு வயதாம். யாரோ ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாளாம். அந்தக் கூச்சம் கடைசிவரை போகவில்லையாம். கூச்சத்தைப் பற்றி எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

புத்தகத்தை அண்ணனின் பிறந்தநாளன்று திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்கு இரண்டு கிழமை இருந்தது. அவளுக்குக் கை நடுங்கும், கோப்பியும் ஓயாமல் குடிப்பாள். அதனால் புத்தகம் என் வீட்டிலேயே தங்கட்டும் என்று முடிவானது. அப்படித்தான் அது பிள்ளையாரிடம் போனது.

பின்னேரங்களில் அவள் வருவாள். தாயின் பழைய கடிதங்களை வாசித்துப் பழகியதால் அந்தச் சரிந்த கையெழுத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். என் வீட்டுக்காரர் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் அவளுடைய தகப்பன் போன வழியைக் கீறுவார். முதல் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பொடியனின் படம். காது இரண்டும் வெளியே நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் உயரம், முகத்தின் வடிவம், சப்பாத்து அளவு. பிறகு தாங்கி ஓட்டப் பழக்கிய ஊர். பிறகு கிழக்கே, இன்னும் கிழக்கே. பதவி ஏறும்போது பழையதைக் கோடு போட்டு வெட்டிப் புதியதை எழுதியிருந்தார்கள். கறுப்புச் சீருடை ஒன்று, கம்பளிக் காலுறை மூன்று சோடி, உட்சட்டை இரண்டு. பல்லுக் கொதிக்கு மருந்தெடுத்தது ஒரு நாள். ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை, வலது கை தீக்காயம்.

"அந்தத் தழும்பு அடுப்பிலை சுட்டது எண்டவர்," என்றாள் அக்கா. பிறகு, "ஓம், அடுப்புத்தான். இரும்பு அடுப்பு," என்றாள்.

எங்கள் ஊர்த் தெருவாலும் யுத்தத் தாங்கி போயிருக்கிறது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மதிலுக்குப் பின்னால் குந்தியிருந்தோம். தார் றோட்டில் அது கீறிய தடம் இரண்டு மாரி மழைக்கும் போகவில்லை. அந்த இரும்புக்குள் இருந்தவனுக்கும் சப்பாத்து அளவு ஒன்று இருந்திருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. அதற்காக என் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவளும் அப்படி எதுவும் கேட்கவில்லை. "அங்கை அவர் என்னென்ன செய்தவர் எண்டு இந்தப் புத்தகத்திலை இல்லை, தங்கச்சி. காலுறைக் கணக்குத்தான் இருக்கு," என்றாள் ஒருநாள். அது எனக்குப் பிடித்தது.

ஆனால் லீவு பதியும் பக்கம், கடைசித் தாள், இல்லவே இல்லை. கிழிந்த ஓரம் மட்டும் நூலில் தொங்கியது. அதைக் கண்ட அன்று அவள் நான் சுட்ட வடையைத் தொடவில்லை.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, தடுப்பூசி எழுதிய பக்கத்தை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜேர்மன் வாசிக்கத் தெரியாதவள் எழுத்தைப் பார்க்கமாட்டாள், தையலைப் பார்ப்பது போல ஓரத்தைத்தான் பார்ப்பாள். ஓரத்தில் ஊதா நிறத்தில் சின்ன முத்திரை ஒன்று, பாதி அழிந்து கிடந்தது. ஊசி போட்ட இடத்து முத்திரை எல்லாம் வட்டம். இது நீளப் பெட்டி.

"அக்கா, உது என்ன?"

அவள் மூக்கைக் கண்ணாடியில் முட்ட வைத்துப் பார்த்தாள். திகதியை முதலில் வாசித்தாள். வாசித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய ஞானஸ்நானத்துக்கு ஐந்து நாள் முந்திய திகதி. இடம், எல்லைப் பக்கத்து ரயில் நிலையம் ஒன்று. மேலே ஒரே ஒரு சொல். அதை வாசித்தவள் முகத்தைச் சுழித்தாள்.

"பேன் எடுத்தாச்சாம்."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உலகத்திலையே சம்பளப் புத்தகத்திலை பேன் பாத்ததுக்குச் சீல் அடிச்சவங்கள் இவங்கள்தான்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்தில் எந்தத் தாயும் பேன் பார்க்காமல் பிள்ளையைக் கல்யாணவீட்டுக்கு அனுப்பமாட்டாள். வீட்டில் கிடக்கும்போது எவ்வளவு பேன் இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வீட்டுக்குப் போகிற அன்றைக்குத்தான் பிடித்து இருத்தி, ஈர்கொல்லிச் சீப்பால் வாரி எடுப்போம். கொண்டுபோய்க் கொட்டினால் மானம் போய்விடும்.

"அக்கா," என்றேன், "உவரை லீவிலை வீட்டுக்கு அனுப்பியிருக்கினம்."

விட்பிக்கு மூவரும் ரயிலில் போனோம். நான் வரமாட்டேன் என்றுதான் நின்றேன். முன்பின் தெரியாத வீடு, தெரியாத ஆட்கள். "கண்டுபிடிச்சவள் நீ, நீ வராட்டி நானும் போகன்," என்றாள் அக்கா. உறைப்புக் கறி வைத்துச் சுருட்டிய ஐம்பது றோல்ஸ் பொரித்துப் பெட்டியில் எடுத்துக்கொண்டேன். கையில் ஏதாவது இருந்தால் கூச்சம் கொஞ்சம் குறையும்.

அண்ணன்காரருக்கு எண்பத்தேழு. நெடுவல் ஆள், குரலும் பெரிது. தங்கை முத்திரையைக் காட்டியதும் கையை வீசினார்.

"போடி விசரி. ஆமியிலை எல்லாருக்கும்தான் பேன். கிழமைக்கு ஒருக்கா மருந்தடிச்சிருப்பாங்கள்."

"அப்ப ஏன் ஒரே ஒரு சீல்? கிழமைக்கு ஒண்டெல்லோ இருக்கவேணும்?" என்று கேட்டாள் அவள்.

"மறந்திருப்பாங்கள்."

"ஜேர்மன்காரன் சீல் அடிக்க மறந்தவனோ?"

என் வீட்டுக்காரருக்கு அது நல்ல பகிடியாகப் பட்டது. அண்ணன்காரர் சிரிக்கவில்லை. "எனக்குத்தான் ஞாபகமிருக்கு. அப்பா வரேல்லை," என்று மேசையில் தட்டினார். அக்காவின் முகம் சுருங்கியது. அவள் புத்தகத்தை மூடப் போனாள்.

நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் தெரியாது. றோல்ஸ் பெட்டியைப் பிடித்தபடியே பேசினேன்.

"அண்ணை, எங்கடை ஊரிலை பேன் கூடினால் மொட்டை அடிக்கிறது. மருந்தும் பூசுறது, ரெண்டு நாளைக்கு நாறும். அந்த நேரம் உங்கடை வீட்டை அப்பிடி மொட்டைத் தலையோட ஆரும் வந்தவையோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. அண்ணன்காரர் என்னையும் பார்த்தார், பெட்டியையும் பார்த்தார். அவருடைய கை மேசையிலிருந்து மெல்ல இறங்கியது.

"என்ரை கட்டிலைப் பிடிச்சவன்," என்றார்.

அக்கா மூடப் போன புத்தகத்தைத் திரும்பவும் விரித்தாள்.

"மொட்டை. மண்டை முழுக்கச் சிவப்பு. மண்ணெண்ணெய் மாதிரி மணம். நான் கிட்டப் போகேல்லை. அம்மா சொன்னவ, போய் முத்தம் குடு எண்டு. நான் மேசைக்குக் கீழை ஒளிச்சிட்டன். அப்பாவின்ரை படம் சுவரிலை இருந்தது, தலை நிறையச் சுருட்டை மயிர். இது வேறை ஆரோ எண்டுதான்..."

"அவர் என்னைத் தூக்கினவரோ?" அக்காவின் குரல் அவளுடையது போலவே இல்லை.

"அண்டைக்கு மழை. அவன்... அவர் உன்னைத் தன்ரை கோட்டுக்குள்ளை வைச்சு, வெளியிலை தலை மட்டும் தெரியிற மாதிரிக் கொண்டு போனவர். நான் அம்மாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்து போனனான். சப்பாத்தெல்லாம் தண்ணி. எனக்கு அதுதான் கோவம், என்னை ஆரும் தூக்கேல்லை எண்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எண்பது வருசத்துக்கு மேலாய் நான் அப்பாவையோ திட்டிக்கொண்டிருந்தனான்?"

"ஓம்," என்றாள் தங்கை. "ஒரு கட்டிலுக்கு."

பிறகு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவரே பெட்டியைத் திறந்து ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தார். உறைப்பு ஏறிக் கண்ணால் மீண்டும் தண்ணீர் வந்தது. எது எந்தக் கண்ணீர் என்று தெரியாமல் போனது எல்லோருக்கும் நல்லதாகப் போயிற்று. நாங்கள் புறப்படும்போது புத்தகத்தைத் தங்கையின் கையில் வைத்தார். "நீ வைச்சிரு. என்னட்டை அவர் கட்டிலைத்தான் பறிச்சவர்," என்றார்.

ரயிலில் அக்கா படத்துப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்திருந்தாள். இரண்டு காதும் வெளியே நிற்கும் அந்தப் பொடியனை யூனியன் ஸ்ரேசன் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் மாடியில் எலிவேற்றர் திறந்ததும் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தங்கச்சி, இண்டைக்கு நான் கொண்டு போறன்," என்றாள்.

மறுநாள் காலை இவர் விளக்குக் கொளுத்தப் போனார். பிள்ளையார் தனியே இருந்தார்.

"இஞ்சாரும், எங்கை ஆமிக்காரன்?"

"மகளின்ரை வீட்டை போயிட்டார்."

"பேன் பாத்தோ விட்டனீர்?"

"அதுதான் சீல் இருக்கே," என்றேன்.