நான்காவது பக்கம்

தலையணைக் கம்பெனியில் அவளை எல்லோரும் 'வாய்மூடியக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்று பக்கம் தைத்து, பஞ்சு திணித்து வருகிற தலையணையின் நான்காவது பக்கத்தை மூடுவதுதான் பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு வாய். கால் மிதிக்கும், கை தள்ளும், மனசு எங்கேயோ கிடக்கும்.

பெற்ற ஒரே மகளின் பதிவுத் திருமணத்துக்குக்கூட அவளால் நேரத்துக்குப் போக முடியவில்லை. லாரி ஏற்றும் வாரம். மேனேஜர் லீவு தரவில்லை. தலையெல்லாம் பஞ்சோடு அவள் ஓடிப்போய் நின்றபோது சாட்சிகள்கூடக் கிளம்பிவிட்டார்கள்.

"உனக்கு நான் எப்பவுமே கடைசிதானேம்மா" என்றாள் மகள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரு வருஷம், இரண்டு மாதம்.

இன்று மதியம் மருமகன் போன் செய்தான்.

"அத்தை, பொண்ணு பொறந்திருக்கா. மாசத்துக்கு முன்னாடியே வந்துட்டா, ரொம்பப் பொடிசு. கடையில வாங்கினதெல்லாம் சாக்கு மாதிரி தொங்குது. மெத்துனு ரெண்டு ஜப்லா தைச்சு நாளைக்குச் சாயங்காலம் கொண்டு வாங்களேன்."

"அவ கேட்டாளா?"

"நான் கேக்குறேன் அத்தை."

வீட்டுக்கு வந்தபோது இடுப்பு கழன்று விழுகிறாற்போல இருந்தது. படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று தெரிந்து, நேரே மிஷினில் உட்கார்ந்தாள். மகளை வயிற்றில் சுமந்த காலத்துப் பருத்திப் புடவை ஒன்று பெட்டியின் அடியில் இருந்தது. துவைத்துத் துவைத்து வெண்ணெயாகிவிட்ட துணி. அதில் கத்தரி வைத்தாள்.

முதலில் இடுப்புத்துணி நான்கு, ஓரம் மடித்து. பிறகு ஜப்லா. சாண் அகலத்தில் இரண்டு துண்டு. இரு பக்கமும் கை போக இடம் விட்டு மூட்ட வேண்டும். மேலே இரண்டு தோளையும் மட்டும் இணைத்து, நடுவில் கழுத்துக்கு விட வேண்டும். தையல் பிசிறு பிஞ்சு உடம்பில் உரசாமல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் கண் சொருகியது. இரண்டு தடவை நெற்றி மிஷினில் இடித்தது. முடித்ததும் மடித்துப் பையில் போட்டாள். விரித்துப் பார்க்கக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் வேலை முடிந்து, அப்படியே பஞ்சோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருமகன் மருந்து வாங்கப் போயிருந்தான். குழந்தையைப் பக்கத்தில் போட்டுப் படுத்திருந்த மகள், அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பையை மட்டும் இழுத்து வைத்துப் பிரித்தாள். துணியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள்.

ஜப்லாவுக்குள் கையை விட்ட மகள், விரலால் மேலே துழாவினாள். இன்னொன்றை எடுத்தாள். அதிலும் துழாவினாள்.

"தலையை எங்கேம்மா விடுறது?"

ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஒரே நேர்க்கோட்டில் கெட்டித் தையல். இரண்டிலும்.

பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். "பஞ்சு வச்சா தலையணைதான் போங்க!"

மகள் சிரித்தாள். வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்கோ பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"கை தானா மூடிடுச்சுடி... இதைக்கூட உனக்கு ஒழுங்கா செய்யத் துப்பில்லை எனக்கு." உதடு கோணி, அழுகை வெடித்தது. ஊக்கை எடுத்துத் தையலைப் பிரிக்கப் பார்த்தாள். கம்பெனித் தையல் அசையவில்லை. கண்ணீரில் நூலும் தெரியவில்லை.

மகளின் சிரிப்பு நின்றது. அம்மாவின் புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்தாள்.

"குடு, நான் பிரிக்கிறேன். எத்தனை நாளாச்சு நீ தூங்கி?"

"தெரியலடி."

"நாளைக்கு லீவு போடு."

"தர மாட்டாங்க."

"கேட்டுத்தான் பாரேன். எனக்காக." கால்களை ஒடுக்கிக்கொண்டு மகள் கட்டிலில் இடம் விட்டாள். "இப்படிச் சாயி."

அவள் சாய்ந்தாள். பேத்தியின் சின்ன மூச்சு முழங்கையில் பட்டது. பொட்டுப் பொட்டென்று நூல் அறுபடும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நான்காவது சத்தத்தை அவள் கேட்கவில்லை.