பச்சை வேட்டியும் மண்டோர் வேலையும்

புத்தகம் முழுக்கப் புள்ளிகள். அதற்குள் ஒரு நம்பர் இருக்கிறதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் அடுத்த பக்கம் திருப்பினார். அதிலும் புள்ளிதான்.

"தா போலே லா, அங்கிள்," என்றார். முடியாது என்று அர்த்தம். சீன டாக்டர். பக்குவமாகத்தான் சொன்னார். சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரித்துத் தெரியாதாம். பிறவியிலேயே அப்படியாம். மருந்தும் கிடையாதாம்.

என் பெயர் ஆறுமுகம். ஜெலுத்தோங் பிளாட்டில் இருக்கிறேன். ஆறாவது வரை தமிழ்ப்பள்ளி, அதோடு சரி. எழுதிப் பழக்கமில்லை. கோயில் மலருக்கு எழுதச் சொன்னார்கள். முருகன் செய்ததைச் சொல்லாமல் இருப்பது தப்பு. அதனால் எழுதுகிறேன்.

லோங்காங் வேலை எனக்கு. சாக்கடையில் இறங்கித் தூர் எடுப்பது. அரசாங்க இலாகா. பெயர் வேண்டாம், சோறு போடும் இடம். இளவயதில் சேர்ந்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் முட்டி போய்விட்டது. இறங்கினால் ஏற முடியவில்லை. ரோஸ்லி கை கொடுத்துத் தூக்குவான். என் கூட வேலை செய்யும் மலாய்க்காரன். "உன்னைத் தூக்கித் தூக்கியே நான் பென்ஷன் வாங்கிடுவேன்" என்பான்.

அந்தச் சமயம் எங்கள் மண்டோர் ஓய்வு பெற்றார். அடுத்த மண்டோர் நான்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். மண்டோர் மேலே நின்று ஆட்களைப் பார்த்துக்கொண்டால் போதும். அந்த வேலை கிடைத்தால் பிழைத்தேன். இல்லாவிட்டால் முட்டியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பதவி உயர்வுக்கு மெடிக்கல் உண்டு. அங்கேதான் அந்தப் புத்தகம்.

லோரி டிரைவருக்கும் மண்டோருக்கும் ஒரே கண் பரிசோதனை. டிரைவருக்கு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். மண்டோர் லோரி ஓட்டுவதில்லையே. இதை டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் யாருமில்லை. மனைவி லெட்சுமி புக்கிட் தெங்காவில் மகள் வீட்டில் இருந்தாள். மகளுக்குப் பிரசவம். போன் செய்தாள். பேரன் பால் குடிப்பதைப் பற்றியே பேசினாள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. 

"முருகா, உனக்குப் பன்னிரண்டு கண். எனக்கு ரெண்டு. அதுவும் அரைகுறை. பார்த்துச் செய்."

அவ்வளவுதான் கேட்டேன். கண்ணை மாற்று என்று கேட்கவில்லை. வழி மட்டும் கேட்டேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன்.

விரதத்துக்கு மஞ்சள் வேட்டி வேண்டும். எங்கள் வீட்டில் துணி எல்லாம் லெட்சுமிதான் வாங்குவாள். அந்த வருடம் நானே போனேன். சிவப்பும் பச்சையும்தானே தெரியாது, மஞ்சள் தெரியும் என்று நம்பினேன். நல்ல பளிச்சென்று ஒன்றை எடுத்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சள் வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

தைப்பூசத்தன்று அதைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் கேட்டே விட்டான்.

"அண்ணே, இன்னிக்குப் பச்சை சாத்தியா?"

பச்சை சாத்தி என்றால் சாமிக்குப் பச்சை உடுத்தும் நாள். அதை ஏன் என்னிடம் கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் லெட்சுமி மகள் வீட்டிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

"ஐயோ முருகா! என்னங்க இது? மயிலு வரும்னு பாத்தா கிளி வந்து நிக்குது!"

"மஞ்சள்தானே?" என்றேன்.

"மஞ்சளா? நல்ல கிளிப்பச்சை லா இது!"

வரிசையே சிரித்தது. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. தலையில் பால்குடம். முன்பின் தெரியாதவர்.

"அண்ணே, உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இலாகா டாக்டர் அப்படித்தான் சொன்னாரு. மண்டோர் வேலையும் போச்சு" என்றேன். லெட்சுமி சிரிப்பதை நிறுத்தினாள். அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

அந்தப் பெண் கண் கிளினிக்கில் வேலை செய்கிறவர். மலைக்கோயில் படி ஏறிக்கொண்டே விவரம் கேட்டார். பிறகு சொன்னார்: "அண்ணே, டெஸ்ட் வேணாம்னு கேக்காதீங்க. மண்டோர் வேலைக்கு எந்தக் கலர் தெரியணும்னு கேளுங்க. வேலை நடக்குற எடத்துலயே வச்சு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அப்பீல் பண்ணலாம். பயப்படாம கேளுங்க."

மஞ்சள் கட்டியிருந்தால் அவர் என்னிடம் பேசியிருக்க மாட்டார். அதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

பூசம் முடிந்த வாரமே இன்ஜினியரிடம் போனேன். மலாய்க்கார அம்மா. நின்றபடியே கேட்டேன்.

"டிரைவருக்கு உள்ள டெஸ்ட் எனக்கு எதுக்கு, புவான்? மண்டோர் வேலையைக் கொடுத்துப் பாருங்க. செய்ய முடியலைன்னா நானே வேணாம்னு சொல்லிடறேன்."

 "இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார். மேலே எழுதிக் கேட்பதாகச் சொன்னார். நான் காத்திருந்தேன். தினமும் ஒரே வேண்டுதல். முட்டி வலியோடு லோங்காங்கில் இறங்கினேன்.

ஒரு நாள் கூப்பிட்டார்கள். டத்தோ கிராமாட்டில் ஒரு சாலையோரம். இன்ஜினியர் வந்திருந்தார். அதே டாக்டரும் வந்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஆட்களை நிறுத்தினேன். கூம்பு வைத்தேன். வண்டிகளைத் திருப்பி விட்டேன். மூடியைத் திறந்து அடைப்பு எங்கே என்று பார்த்தேன். எல்லாம் சரி.

பிறகு டாக்டர் தரையைக் காட்டினார். தாரில் இரண்டு பெயிண்ட் கோடு. ஒன்று சிவப்பாம். அதன் அடியில் கரண்ட் ஒயர் போகிறது. இன்னொன்று பச்சையாம். அங்கே தோண்டலாம்.

"எங்கே தோண்டச் சொல்வீங்க, அங்கிள்?"

இரண்டும் எனக்கு ஒரே மண் நிறம். நான் வெறும் வேலையாளாக இருந்தவரைக்கும் பழைய மண்டோர் காட்டிய இடத்தில் தோண்டினேன். இனி காட்ட வேண்டியவன் நான். குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லலாம். சரியாக விழுந்தால் வேலை என்னுடையது. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ரோஸ்லி மண்வெட்டியோடு நின்றான். என் சொல்லுக்குக் காத்திருந்தான்.

"முருகா" என்றேன், மனதுக்குள். பிறகு சொன்னேன், "எனக்குத் தெரியலை, டாக்டர். தெரியாம ஆளை எறக்க மாட்டேன்."

 அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். டாக்டரும் இன்ஜினியரும் தள்ளிப் போய்ப் பேசினார்கள். பிறகு இன்ஜினியர் பெயிண்ட் டின் கொண்டுவரச் சொன்னார். ஒயர் போகும் கோட்டின் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டார். மற்றதன் மேல் வட்டம்.

"இப்போ?"

"வட்டத்துல தோண்டலாம். பெருக்கல்ல கை வைக்கக் கூடாது."

டாக்டர் சிரித்தார். "போலே லா, அங்கிள்" என்றார். முடியும் என்று அர்த்தம். ரோஸ்லி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டான். என் சட்டையெல்லாம் சேறு.

அடுத்த மாதம் மண்டோர் ஆனேன். இன்றுவரைக்கும் மண்டோர்தான். எங்கள் பிரிவில் இப்போது எல்லாக் கோட்டுக்கும் குறி போடுகிறார்கள். மழையில் நிறம் மங்கினாலும் குறி தெரிகிறது. நல்ல கண் உள்ளவர்களுக்கும் அது வசதி.

அந்தக் கண் பரிசோதனைச் சட்டம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆள் சாகக் கூடாது என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் வேலையைப் பார்க்காமல் புத்தகத்தை மட்டும் பார்த்து ஆளை ஒதுக்குவது நியாயமில்லை. மற்ற இடங்களில் இன்னும் அப்படித்தான் என்று கேள்வி. அதற்கும் வேண்டிக்கொள்கிறேன்.

என் கண் மாறவில்லை. இன்றும் லெட்சுமிதான் சட்டை எடுத்து வைக்கிறாள். பழைய ஆறுமுகம் எதையும் கேட்க மாட்டான். கொடுத்தால் வாங்குவான், இல்லையென்றால் போய்விடுவான். இப்போது கேட்கிறேன். தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிறேன். இரண்டையும் முருகன்தான் கற்றுக் கொடுத்தான். மனம் நிறைவாக இருக்கிறது.

உங்களுக்கும் ஒரு குறை இருக்கலாம். ஒளிக்க வேண்டாம். அப்படியே அவன் முன்னால் கொண்டு போய் வையுங்கள். அவன் பார்த்துக்கொள்வான்.

லெட்சுமி மஞ்சள் வேட்டி வாங்கி வைத்திருக்கிறாள். நான் அதைக் கட்டுவதில்லை. வருடா வருடம் பால்குடத்துக்கு அந்தப் பழைய வேட்டிதான். தைப்பூசத்தில் மஞ்சளுக்கு நடுவே ஒரு பச்சை தெரிந்தால் அது நான்தான். வாங்க, பேசலாம்.