சாந்தினி அக்கா பேசாமல் விட்ட தொடக்க இசை

அந்த மைக்கின் பஞ்சு உறையில் இஞ்சி டொபி மணக்கும்.

காலை நிகழ்ச்சி முடிந்து சாந்தினி அக்கா எழுந்து போனதும் அந்த நாற்காலியில் நான் உட்காருவேன். ஏசிக் குளிரில் நாற்காலி மட்டும் சூடாக இருக்கும். தொண்டைக்கு நல்லதென்று அவர் எப்போதும் ஒரு டொபியைக் கடைவாயில் ஒதுக்கி வைத்திருப்பார். நேயர்களுக்குத் தெரியாது. அவர் யோசிக்கும்போது அது பல்லில் தட்டும் சத்தம் எங்களுக்கு மட்டும் கேட்கும்... டக், டக்.

கொழும்பில் தமிழ் எஃப்எம் வானொலிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம். பல்கலைக்கழகம் முடித்த கையோடு நானும் அறிவிப்பாளராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் நிலையத்தில் புதுப் பாட்டு, வேகப் பாட்டு மட்டும்தான். மௌனம் என்பது பாவம். பாட்டின் தொடக்க இசை, எங்கள் பேச்சில் இன்ட்ரோ, ஓடும்போதே அதற்கு மேல் பேச வேண்டும். பாடகர் வாய் திறக்கும்போது நாங்கள் வாயை மூட வேண்டும். அதில் சாந்தினி அக்காவை மிஞ்ச ஆளில்லை.

ஒருநாள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சைவக் கடையில் வடையைப் பிய்த்தபடி சொன்னார்.

"நான் மாறப் போறன். பழைய பாட்டுப் போடுற இடம். இங்க கத்திக் கத்திக் களைச்சுப் போனன்."

"மனேஜருக்குத் தெரியுமா அக்கா?"

"விசரே, அங்க இன்னும் முடிவாகேல்ல. இங்க தெரிஞ்சால் ரெண்டும் இல்லாமப் போயிடும். உனக்கு மட்டும்தான் சொல்லுறன். உன்ர அம்மாவுக்கும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. அம்மாவுக்கும்தான்.

அந்த நாட்களில் ஒருவர் வேறு நிலையத்துக்குப் போகப் பார்க்கிறார் என்று தெரிந்தாலே போதும், மைக் போய்விடும். நேயர்களிடம் ஒரு வார்த்தை விடைபெறவும் விடமாட்டார்கள். போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம்.

சில கிழமைகள் போயிருக்கும். காலை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த அக்காவை மனேஜர் அறைக்குள் கூப்பிட்டார். கதவு திறந்தபோது அக்காவின் தோளில் பை இருந்தது. பக்கத்தில் செக்யூரிட்டி. படியில் என்னைக் கண்டு நின்றார்.

"நாளையில இருந்து காலை நிகழ்ச்சி உனக்குத்தானாம். நல்லா செய்."

அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். அவருடைய இடம் கிடைத்ததும் எனக்கு. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் இவள்தான் காட்டிக்கொடுத்தாள் என்றுதான் நினைத்திருப்பேன்.

அடுத்ததாக மனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீயும் அவவோடதானே திரியிறனீ. நீயும் இன்ட்ரோவைச் சும்மா ஓட விடப் பழகுறியோ?"

என்ன கேட்கிறார் என்று விளங்கவில்லை. இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை. அலுவலகத்துக்கு நான் அக்காவின் ஆள். அக்காவுக்கு நான் மனேஜரின் ஆள்.

மறுநாள் காலை மைக்கில் இஞ்சி மணம் அப்படியே இருந்தது. சாந்தினி லீவில் என்று சொல்லும்படி உத்தரவு. முதல் பாட்டு ஓடும்போதே தொலைபேசி அடித்தது. கொட்டாஞ்சேனை பெர்னதெத் அக்கா. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டியபடி தினமும் அழைக்கும் நேயர்.

"சாந்தினி மிஸ் எங்கம்மா?"

"லீவில நிக்கிறா."

"லீவுன்னா நேத்தே சொல்லியிருப்பாங்களே. நீங்க ஏன் முழுங்குறீங்க?"

நான் அடுத்த பாட்டைத் தேடினேன்.

"கொஞ்ச நாளாவே அவங்க சரியில்லம்மா. பாட்டு ஆரம்பிக்கிறப்ப பேசவே மாட்டேங்குறாங்க. எங்க வீட்டுக்காரரு ரேடியோ பழுதுன்னு நெனச்சுத் தட்டித் தட்டிப் பாத்தாரு."

ரிசீவர் கையிலேயே இருந்தது. மனேஜரின் கேள்வி அப்போதுதான் விளங்கியது. பழைய பாட்டு நிலையங்களில் தொடக்க இசைக்கு மேல் யாரும் பேசுவதில்லை. முழுக்க ஓடவிட்டு, பாட்டு முடிந்தபின்தான் வாய் திறப்பார்கள். அக்கா புது இடத்துக்காக வீட்டில் பழகியிருக்கிறார். அந்தப் பழக்கம் அவருக்குத் தெரியாமலே எங்கள் ஸ்டூடியோவுக்கும் வந்துவிட்டது. காட்டிக்கொடுத்தது அவருடைய மௌனம்தான்.

அதைச் சொல்லத்தான் அன்று பின்னேரமே சாந்தினி அக்காவின் வீட்டுக்குப் போனேன். அதுவும் கொட்டாஞ்சேனையில்தான். அவருடைய அம்மா வாசலில் நின்று, "பிள்ளை குளிக்குது" என்றார். திரைச்சீலைக்குப் பின்னால் டக், டக் என்று கேட்டது.

நல்லவேளை, அந்தப் பழைய பாட்டு நிலையத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் நான் வானொலியை விட்டு வங்கி வேலைக்குப் போய்விட்டேன். வருடங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவரே வந்து கதைத்தார். நம்பர்கூடத் தந்தார். அந்தப் படியைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன கிழமை அக்கா பேஸ்புக்கில் படம் போட்டிருந்தார். புது நிலையம், மறுபடியும் வேகப் பாட்டு. பழைய பாட்டு நிலையத்தில் கேக் வெட்டி, காற்றலையில் விடைபெற வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கீழே ஒரே வாழ்த்து மழை. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கும் ஒரு கேக் வெட்டியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் இவ்வளவு வருடம் வீணாகியிருக்காது...

ஆனால் எனக்கு அந்தப் படத்துக்கு முன்பே தெரியும். அதற்குச் சில கிழமைகள் முன்பு, ஹெவ்லொக் டவுனில் நான் ஏறிய த்ரீவீல் ஆட்டோவுக்குள் அக்காவின் பழைய பாட்டு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. வீணை தொடங்கியது, அக்கா அதற்கு மேல் பேசினார். அடுத்த நாளும் வேண்டுமென்றே கேட்டேன். அதே மாதிரி. இந்த முறையாவது முந்திக்கொள்வோம் என்று அழைத்தேன்.

"அக்கா, நீங்க இன்ட்ரோவுக்கு மேல கதைக்கத் தொடங்கிட்டீங்கள். ஆரும் கவனிக்க முதல் நிப்பாட்டுங்கோ. அண்டைக்கும் உங்களைக் காட்டிக்கொடுத்தது இந்தப் பழக்கம்தான். நான் இல்லை."

அந்தப் பக்கம் டக், டக்.

"நான் மாறப் போறன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்றார்.