எருமையும் இரண்டு சாட்சிகளும்

வயது வந்த ஒவ்வொருவரும் உயில் எழுத வேண்டும் என்று நாமக்கல்லில் வக்கீலாக இருந்த நான் என் கட்சிக்காரர்களுக்கு ஓயாமல் சொல்லிவந்த காலத்தில், எங்கள் வீட்டில் முதல் உயிலை எழுதியவள் என் மனைவி. சொத்து, ஓர் எருமை.

நெய் விற்றுச் சேர்த்த சொந்தப் பணத்தில் அவள் வாங்கிய எருமை அது. அதைப் பராமரித்தவள் அவளுடைய சித்தப்பா மகள். இளம் வயதில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் கைவிடப்பட்டு, எங்களோடு தங்கியவள். எருமை வேறு எவர் கைக்கும் பால் சுரக்காது. நான் ஒருமுறை முயன்றேன். தீர்ப்பு என் முழங்காலில் பதிவாயிற்று. மேல்முறையீட்டுக்கு நான் போகவில்லை.

ஒரு நாள், கட்சிக்காரரை அனுப்பிவிட்டு உள்ளே வந்த என்னை மனைவி நிறுத்தினாள்.

“ஏனுங்க, நான் கண்ணை மூடிட்டா எருமை ஆருக்குங்க?”

“சட்டப்படி, ஆத்தூர்ல கட்டிக்குடுத்த நம்ம புள்ளைக்குத்தான்.”

“அவ ஊட்டுல எருமைக்கா பஞ்சம்? இவளுக்கு அது ஒண்ணுதானுங்களே சோறு. எழுதுங்க.”

எழுதினேன். சாட்சிகள் இருவர் வேண்டும். என் குமாஸ்தா சம்பளத்தை நினைத்து உடனே இசைந்தார். எதிர்வீட்டு ஜவுளிக்காரரோ பேனாவைக் கண்டதும் பாம்பைக் கண்டவர்போல் பின்வாங்கினார்.

“மஞ்சக் குங்குமத்தோட இருக்கற மகராசி உயிலெழுதறதா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க.”

“மழைக்கு முன்னால கூரை மேயறமுங்களே அண்ணா, மேஞ்சதுனாலயா மழை வருது?” என்றாள் அவள்.

“வந்துட்டா?”

“நனையாம இருப்பமுங்க.”

அவர் வானத்தைப் பார்த்தபடியே கையெழுத்திட்டார். அது கோணலாக விழுந்தது. அதன்பின் என் சட்ட வாதங்களைவிட அந்தக் கூரையே எனக்குப் பயன்பட்டது. கட்டணம் பெற்றுக்கொண்டு அதையே பலருக்கும் எடுத்துரைத்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, ஓர் ஐப்பசியில், காய்ச்சல் கண்டு அவள் போனாள். அதைப் பற்றி இவ்விடத்தில் எழுதப்போவதில்லை.

காரியம் முடிந்த மறுநாள், ஆத்தூரில் அரிசி ஆலை நடத்தும் என் மருமகன் கொட்டகையில் எருமையின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனி தவிட்டுத் தொட்டியருகே அசையாமல் நின்றாள்.

“அத்தை ஞாபகமா இருக்கட்டும் மாமா, ஓட்டிக்கிட்டுப் போறேன்.”

உயிலைக் காட்டினேன். படித்தார், திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தார்.

“ஒரு எருமைக்கு உயிலா மாமா?”

“இல்லீனா இன்னேரம் அது ராசிபுரம் தாண்டியிருக்குமுங்களே மாப்பிள்ளை.”

சிரித்துவிட்டு, கயிற்றை மைத்துனியிடமே நீட்டினார். நல்ல மனிதர். கெட்ட எண்ணம் அவருக்கு இல்லை. ஆசை மட்டுமே இருந்தது. சட்டம் துணைநின்றிருந்தால் ஆசையே போதுமானதாயிருந்திருக்கும்.

மறுநாள் காலை மைத்துனி பாலைக் கொண்டுவந்து வைத்தாள். எருமை அவளுடையதென்றால் பாலும் அவளுடையதே என்று முறையாக விளக்கி, விலை கேட்டேன். கடைவீதி விலையைவிடக் கூட்டியே சொன்னாள்.

“கூடுதலா இருக்குதே அம்மிணி?”

“அக்கா எருமைங்க. கம்மியாக் குடுத்தா அக்கா ஏசுமுங்க.”

கேட்ட விலையைக் கொடுத்தேன். ஏசத்தான் செய்வாள்.