ஊர்காவற்றுறைச் சேற்றில் ஒரு சிவப்புக் கோடு

சென்ற வருடம் ஐப்பசி மாதம், ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான கரம்பொன்னின் வாசிகசாலைக்காரர் ஒரு பதாகை அடித்து வைத்திருந்தார்கள். "எமது மண்ணின் முதற் பெண் பேராசிரியர் கமலாதேவி வைத்திலிங்கம் அவர்களை வாழ்த்தி வரவேற்கிறோம்" என்று அதில் இருந்தது. பேராசிரியர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கு அப்போது இன்னும் ஒரு மாதம் இருந்தது. கடைசி நேரத்தில் யாழ்ப்பாணத்தில் அச்சகக்காரரைப் பிடிக்க ஏலாது என்று வாசிகசாலைத் தலைவர் சரவணமுத்து மாஸ்ரர் முன்கூட்டியே வேலையை முடித்துவிட்டார்.

அந்தப் பதாகை கட்டப்படவில்லை. ஊரில் பல கதைகள் வந்தன. அரசியல் என்றார்கள், பொறாமை என்றார்கள், யாரோ மொட்டைக் கடிதம் போட்டதாகவும் சொன்னார்கள். ஒன்றும் உண்மையில்லை. நடந்ததைக் கமலாதேவி மிஸ்ஸிடமும் அவருடைய தம்பி சிவகுருவிடமும் மாணவி தாரிகா அக்காவிடமும் கேட்டு இங்கே எழுதுகிறேன். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் எங்களுக்குப் படிப்பு என்றால் பட்டம், வேலை, வெளிநாடு என்றுதான் சொல்லித் தருகிறார்கள். அதற்குள் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதுவும் ஒரு காரணம்.

கமலாதேவி பிறந்தது தென்னிலங்கையில், தங்காலையில். அவருடைய அப்பா வைத்திலிங்கம் அங்கே சுருட்டுக்கடை வைத்திருந்தார். வைத்திலிங்கத்தின் அப்பாவும் அதற்கு முந்தியவர்களும் அதே ஊரில்தான் வியாபாரம் செய்தார்கள். தீவுப்பகுதிப் புகையிலை வத்தையில் ஏறித் தெற்கே போன காலம் அது. வத்தை என்பது பாய்க்கப்பல். வைத்திலிங்கத்தின் காலத்தில் வத்தைகள் இல்லை, ரயிலும் லொறியும்தான். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்தது. குடும்பம் கரம்பொன்னில் இருந்த பழைய வீட்டுக்கு வந்தது. கமலாதேவிக்கு அப்போது எட்டு வயது. தமிழைவிடச் சிங்களம் நன்றாகப் பேசியதால் பள்ளிக்கூடத்தில் அவரை "தங்காலை" என்றே கூப்பிட்டார்கள். சண்டை பிடிக்கும்போதுகூட அப்படித்தான்.

அவர் விரும்பியது வைத்தியம். புள்ளி போதவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் கிடைத்தது. அங்கே புவிச்சரிதவியல் பாடத்தில் பிள்ளைகள் குறைவு, விரிவுரையாளர் சிங்களத்தில் பகிடி விடுவார், இவருக்கு அது விளங்கும். அப்படித்தான் அந்தத் துறைக்குள் போனதாகச் சொல்கிறார். பிறகு கடலடி அடையல்களைப் படிக்கத் தொடங்கினார். அடையல் என்றால் கடலின் அடியில் படியும் சேறும் மணலும் சிப்பியும். ஒரு நீளக் குழாயைச் சேற்றுக்குள் அடித்து இறக்கி, இழுத்தெடுத்து, நெடுக்காகப் பிளந்தால் உள்ளே கேக் துண்டுபோலப் படைபடையாக இருக்கும். கீழே பழையது, மேலே புதியது. எந்தப் படை எப்போது, எங்கிருந்து வந்தது என்று சொல்வதுதான் வேலை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அவருக்கு வள்ளம் ஒத்துக்கொள்ளாது. நெடுந்தீவுக்குப் போகும்போது குறிகட்டுவான் துறையிலேயே வாந்தி வராமல் இருக்கத் தேசிக்காயை மணக்கத் தொடங்கிவிடுவார். இன்றைக்கும் அப்படித்தான். கடலைப் படிப்பவர் கடலில் சத்தியெடுப்பார் என்று தம்பி சிவகுரு சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

தொண்ணூறுகளில் தீவுப்பகுதியில் யாரும் குழாய் இறக்க முடியாது. போரால் ஊரே இடம்பெயர்ந்திருந்தது. சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில், கமலாதேவிக்கு ஒரே ஒரு நாள் அனுமதி கிடைத்தது. ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு அருகில் மட்டும், கடற்படையின் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள். சத்தி, வெயில், துவக்கோடு நின்ற ஆட்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் மூன்று குழாய்கள் எடுத்தார்.

மூன்றிலும் சாம்பல் நிறச் சேற்றுக்கு நடுவில் ஒரு விரல் தடிப்பில் ஒரு கோடு இருந்தது. கரடான மணல், அதற்குள் சிவப்புத் துணிக்கைகள். கார்னெட் என்ற கல்லின் பொடி. எங்கள் தீவுகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை, கார்னெட் இங்கே உண்டாகாது. அதோடு கிடந்த சிப்பிகளை, கலாநிதிப் படிப்புக்குப் போன நோர்வேக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது வயது ஏறக்குறைய நாலாயிரம் வருடம் என்று வந்தது. அப்படியானால் நாலாயிரம் வருடத்துக்கு முன்பு கடல் நீரோட்டம் வேறு திசையில் ஓடி, தூரத்து மணலை இங்கே கொண்டுவந்திருக்க வேண்டும். இதுதான் அவருடைய கலாநிதி ஆய்வேடு. வெளிநாட்டுச் சஞ்சிகையில் கட்டுரையாக வந்தது. வேறு நாட்டு ஆய்வாளர்களும் அதை எடுத்தாண்டார்கள். அதன் பலத்தில்தான் அவருக்கு விரிவுரையாளர் வேலை நிரந்தரமானது. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோதும் முதலாவதாகக் காட்டியது அதைத்தான்.

நோர்வேயிலேயே வேலை கிடைத்திருக்கும். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

ஊரில் அவருடைய படிப்பை யாரும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. கிணறு வெட்ட இடம் காட்டச் சொல்வார்கள். தான் கடலடி ஆள் என்றால், கடலிலும் தண்ணிதானே என்பார்கள்.

சென்ற ஐப்பசியில் கமலாதேவியும் தாரிகாவும் மறுபடி குழாய் இறக்கப் போனார்கள். இப்போது தடையில்லை. பழைய இடத்திலிருந்து தொடங்கி மண்டைதீவுப் பக்கமாகப் பல இடங்களில் எடுத்து, அந்தச் சிவப்புக் கோடு எவ்வளவு தூரம் போகிறது என்று காட்டினால் நேர்முகத் தேர்வில் யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது என்பது எண்ணம். தாரிகாவின் முதுகலைப் பட்டமும் அதில்தான் இருந்தது. வள்ளக்காரர் சவிரிமுத்து குழாயை அடிப்பார், கமலாதேவி தேசிக்காயோடு வள்ளத்தின் முன்பக்கம் அணியத்தில் இருந்து இடத்தைச் சொல்வார்.

துறைமுகத்துக்கு அருகில் எடுத்த குழாய்களில் கோடு இருந்தது, சிலவற்றில் ஒரு சாண் தடிப்பில்கூட. கொஞ்சம் விலகியதும் மெலிந்தது. அதற்கு அப்பால் எதிலும் இல்லை. வெறும் சேறு. தாரிகா தாங்கள் ஏதோ பிழை விட்டுவிட்டோம் என்று நினைத்து, அடுத்த நாளும் போய் அதே இடங்களில் திரும்ப எடுத்தார். இல்லை. நீரோட்டம் கொண்டுவந்த மணல் என்றால் நீளத்துக்குப் பரவியிருக்க வேண்டும். இது கொட்டிய குவியல்போல ஒரு இடத்தில் மட்டும் கிடந்தது.

அன்றிரவு இருவரும் தம்பி இருக்கும் கரம்பொன் வீட்டில் தங்கினார்கள். நல்ல மழை. காலையில் கமலாதேவி பல்லுத் துலக்க முற்றத்துக்கு வந்தார். கூரையிலிருந்து தாவாரத் தண்ணீர் விழுந்த இடம் வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தது. தண்ணீர் விழும் இடத்தில் பாரமில்லாத மணல் அடித்துக்கொண்டு போகும், பாரமானது நிற்கும். பள்ளங்களின் அடியில் கறுப்பும் சிவப்புமாக ஒரு கோடு நின்றது, வீட்டின் நீளத்துக்கு.

அவர் பல்லுத் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே குந்திவிட்டார். பிறகு உள்ளே போய் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்து, முழங்காலில் நின்று, முகம் நிலத்தில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். தம்பி பெண்சாதி யோகராணி குசினியிலிருந்து கண்டுவிட்டு ஓடி வந்தார்.

"தோடு விழுந்திட்டுதோ மச்சாள்? அசையாதேங்கோ, நான் விளக்குமாறு கொண்டு வாறன்."

"கூட்டாதையும்" என்றார் கமலாதேவி. "ஒரு சாப்பாட்டுக் கோப்பை தாரும்."

கோப்பையில் மணலை அள்ளி, தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டிக் கழுவினார். வெள்ளை மணல் போனது. அடியில் சிவப்புத் துணிக்கைகள் மினுங்கின. தாரிகாவைக் கூப்பிட்டுக் காட்டினார். தாரிகா அதைப் பார்த்துவிட்டு, இது எங்கே எடுத்தது மிஸ், எந்தக் குழாய் என்று கேட்டார். வீட்டு முற்றம் என்றதும் அவரும் குந்தித் தாவாரப் பள்ளத்தைப் பார்த்தார்.

சிவகுரு தேத்தண்ணியோடு வந்து நின்றார்.

"தம்பி, இந்த முற்றத்து மணல் எங்காலை வந்தது?"

"ஏன் அக்கா, தெரியாதே? வத்தையிலை வந்தது. போகேக்கை பொயிலை, வரேக்கை சாமான் குறைவு. வெறும் வத்தை புரண்டுபோம் எண்டு தங்காலைக் கடற்கரையிலை மணலை ஏத்திக்கொண்டு வருவினமாம். இஞ்சை துறையிலை கொட்டிப்போட்டுத் திரும்பப் பொயிலை ஏத்துறது. மிச்சத்தை மாட்டுவண்டிலிலை வீட்டுக்கு அடிச்சவை. அப்பா சொல்லுறவர்."

"எனக்கும் சொன்னவர்தான்" என்றார் கமலாதேவி.

தங்காலைப் பக்கத்துக் கடற்கரை மணலில் கார்னெட் இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வருடாவருடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறவர் அவர்தான். சிறுவயதில் அந்த மணலில் விளையாடியவர். கரம்பொன் முற்றத்தைப் பத்து வயதிலிருந்து கூட்டியவர். ஆனால் சேற்றுக்குள் அதைக் கண்டபோது வயது நாலாயிரம் என்று சோதனை சொன்னதால், மனிதர் கொண்டுவந்திருக்கலாம் என்ற எண்ணமே மனதில் வரவில்லை. சிப்பிகள் பழையவைதான். அவை தெற்குக் கடற்கரையில் கிடந்து பழசானவை, மணலோடு சேர்ந்து வத்தையில் ஏறி வந்தவை. மணல் சேற்றில் விழுந்தது நூறு, நூற்றைம்பது வருடத்துக்குள். கொட்டியது யாருடைய வத்தைகள் என்றால், அவருடைய சொந்தப் பாட்டன்மாரின் வத்தைகளும்தான்.

பல்கலைக்கழகத்தில் தங்காலை மணல் போத்தலில் இருந்தது. குழாய் மணலையும் முற்றத்து மணலையும் அதோடு ஒப்பிட்டார்கள். துணிக்கையின் உருவம், நிறம், கலந்திருந்த மற்றக் கனிமங்கள் எல்லாம் பொருந்தின. குழாய் ஒன்றில் சிவப்புக் கோட்டுக்குள்ளேயே ஒரு கூரை ஓட்டுத்துண்டு கிடந்தது. நாலாயிரம் வருடத்துக்கு முன்பு இங்கே யாரும் ஓடு போடவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. இந்த இடத்தைத் தாரிகா அக்கா சொன்னபடி எழுதுகிறேன். ஆய்வுகூடத்தில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"மிஸ், இது எங்களுக்கு மட்டும்தானே தெரியும்."

"ஓம்."

"இன்ரவியூ முடியட்டும். பிறகு எழுதுவம். பொய் சொல்லச் சொல்லேல்லை. கொஞ்சம் பிந்திச் சொல்லுவம்."

"அவை முதல் கேள்வியே அதிலைதான் கேப்பினம் பிள்ளை. நான் என்னெண்டு பதில் சொல்லுறது? நீர் என்ரை இடத்திலை இருந்து சொல்லிக் காட்டும் பாப்பம்."

தாரிகா முயன்று பார்த்தாராம். இரண்டாவது வசனத்தில் நின்றுவிட்டது.

கூட வேலை செய்யும் ஒருவரும் தொலைபேசியில் அதையே சொன்னார். கட்டுரை பிழை என்று வேறு யாராவது காட்டும்வரை அது சரிதான், உலக வழக்கம் அப்படி என்றார். கமலாதேவி அவரோடு கோபிக்கவில்லை. தனக்கும் அந்த யோசனை ஒரு முழு நாள் இருந்தது என்று என்னிடம் சொன்னார். அந்த நாள் முழுவதும் எதையும் எழுத முடியவில்லை, வீட்டில் அலுமாரிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாராம். அடுத்த நாள் தன் கட்டுரை பிழை என்று சஞ்சிகைக்கு எழுதினார். அதன் பிரதியைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பி, விண்ணப்பத்தில் முதலாவதாக உள்ள கட்டுரையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கேட்டார்.

நேர்முகத் தேர்வுக்குப் போனார். மரியாதையாக நடத்தினார்கள். ஒருவர் எழுந்து கைகொடுத்தார். ஆனால் அந்தக் கட்டுரை இல்லாமல் புள்ளி போதவில்லை. பதவி கிடைக்கவில்லை. அடுத்த முறை விண்ணப்பிக்க இன்னும் கட்டுரைகள் வேண்டும், அதற்கு வருடங்கள் செல்லும். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. கவலையில்லையா என்று கேட்டேன். கவலைதான் என்றார்.

சரவணமுத்து மாஸ்ரருக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் கடினமாக இருந்தது. எங்கள் வத்தைகள் தங்காலையிலிருந்து மணல் கொண்டுவந்ததை விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது, இது ஊருக்குப் பெருமையல்லவா, இதற்குப் பதவி கொடுக்கவேண்டுமே தவிர மறுப்பது எப்படி என்று அவர் வாதாடினார். பதாகையில் "பேராசிரியர்" என்ற சொல்லின் மேல் தாள் ஒட்டிக் கட்டிவிடலாம் என்றும் சொன்னார். விழாவை எப்படியும் நடத்த வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

"தாள் மழைக்கு நிக்காது மாஸ்ரர்" என்றார் கமலாதேவி. "அதை எனக்குத் தாங்கோ."

இப்போது தாரிகாவின் ஆய்வு வேறு திசையில் போகிறது. துறைமுகத்தின் அடியில் கிடக்கும் மணல் குவியல்களை அளந்து, எந்தக் குவியல் எந்தக் கடற்கரையிலிருந்து வந்தது என்று பிரிக்கிறார்கள். தங்காலை மணல் மட்டுமல்ல, வேறு இரண்டு வகையும் இருக்கிறது. ஒன்று எங்கே இருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை. அந்தக் கட்டுரையில் தாரிகாவின் பெயர் முதலில், கமலாதேவியின் பெயர் பிறகு.

சனிக்கிழமைகளில் கரம்பொன் வீட்டுக்குப் போனால் முற்றத்தில் பதாகை விரித்திருக்கும். எழுத்துள்ள பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே. அதில் ஈர மணலைச் சிறு சிறு கும்பிகளாகக் காயப்போட்டிருப்பார்கள். வெள்ளையில் சிவப்பு நன்றாகத் தெரியும் என்கிறார் கமலாதேவி. யோகராணி அந்தப் பக்கம் மட்டும் கூட்டுவதில்லை.