பித்தளைக் காசில் என் வீட்டுக்காரர்

முனியாண்டி அந்தக் காசை என் பாலிஷ் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "முகத்த அழிச்சுக் குடுங்கக்கா" என்றான். காசில் இருந்தது என் வீட்டுக்காரர்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். காஜா பேராங் பக்கம், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் பேட்ஜ், மெடல் எல்லாம் அடிப்போம். ஆண்கள் டை என்கிற அச்சை வெட்டி பிரஸ்ஸில் அடிப்பார்கள். பாலிஷ் என் வேலை. சக்கரத்தில் லேசாகக் காட்ட வேண்டும், கொஞ்சம் அழுத்தினாலும் மூக்கு சப்பையாகிவிடும். புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் வந்தது. அதுவரை எங்கள் கையில் புழங்கிய காசிலெல்லாம் வெள்ளைக்கார ராஜா, ராணி முகம்தான். நாடு நம்முடையதான பிறகு காசிலும் நம் ஆள் இருக்கட்டுமே என்று தொழிலாளர் சங்கத்தில் ஆசைப்பட்டார்கள். நாட்டுக் காசில் கைவைக்க முடியாது. அதனால் சங்கத்தின் சார்பில் பித்தளையில் ஒரு நினைவுக் காசு அடிக்க முடிவானது. சங்கத் தலைவர் என் வீட்டுக்காரர்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குத்தான் படம் மாட்டிப் பொட்டு வைப்போம். "நாளைக்கு நான் வேற மாதிரி யோசிப்பேன். காசு யோசிக்காதே" என்று கூட்டத்தில் அவர் சொல்லிப் பார்த்தார். உயிரோடு இருக்கும்போது செய்தால்தானே கண்ணால் பார்ப்பார் என்று சங்கத்தில் அவருக்கு நெருக்கமான முனியாண்டி விடாமல் வாதாடினான். அதிலும் நியாயம் இருந்தது.

டை தயாரானதும், தமிழ் எழுத்தாயிற்றே, பெயரை வாசித்துச் சொல் என்றார் தவுக்கே என்னிடம். புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாத நான் பிரஸ்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். தவுக்கே விழுந்து விழுந்து சிரித்தார். காசில் இவர் விறைப்பாக இருந்தார். சிரிக்கும்போது ஒரு பக்கம் கோணும் வாய் அதில் இல்லை.

அதற்கப்புறம் சங்கத்தில் யாரும் இவரை எதிர்த்துப் பேசவில்லை. முன்பெல்லாம் முனியாண்டி எங்கள் வீட்டிலேயே கோப்பி குடித்துக்கொண்டு இவரையே திட்டுவான். இப்போது கும்பிட்டுவிட்டுப் போனான். தன் வீட்டுச் சாமி மாடத்தில் அந்தக் காசை வைத்துக் குங்குமம் இட்டிருந்தான் என்று கேள்விப்பட்டேன்; உயிரோடு இருக்கிறவருக்குப் பொட்டு. சண்டை போடக்கூட ஆள் இல்லை என்று இவர் புலம்புவார்.

பிறகு சம்பள உயர்வுக்காகச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. நாள் போகப் போக வீடுகளில் அரிசி தீர்ந்தது. கடைசிவரை நிற்போம் என்று சொல்லியிருந்த இவரே, வேலைக்குத் திரும்பலாம் என்றார். மறுநாள்தான் முனியாண்டி அந்தக் காசோடு பட்டறைக்கு வந்தான்.

"இதுல இருக்கற ஆளு இப்ப இல்லக்கா. அப்புறம் முகம் எதுக்கு?"

நான் சக்கரத்தை நிறுத்தினேன். என்னைப் பார்க்க வந்த இவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து, முனியாண்டிக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவன் கேக்கறத செஞ்சு குடு" என்றார் என்னிடம். பிறகு அவனைப் பார்த்து, "நீ சொல்றா, நான் எங்க தப்பு பண்ணேன்?"

பாலிஷ் போடுகிறவள் செய்யக்கூடாததைச் செய்தேன். அழுத்தினேன். மூக்கு போனது, நெற்றி போனது. பின்னால் இரண்டு பேரும் பழையபடி கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது.

அதன்பின் இவர் எத்தனையோ விஷயத்தில் மனசை மாற்றிக்கொண்டார். தலை நரைத்தது, வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. அந்த முகத்துக்குத்தான் இப்போது ஏங்குகிறேன். காசில் இருந்த முகத்தை நான் ஒருநாளும் தேடியதில்லை.

அவர் காலமான பிறகு, மறுபடி காசு அடிக்கலாமா என்று சங்கத்தார் கேட்டு வந்தார்கள். நரைத்த மீசையோடு முனியாண்டியும் வந்திருந்தான். உயிரோடு இருக்கிறவரைக் காசில் அடிக்காதீர்கள் என்பதுதான் இந்த வேலையில் நான் கற்ற பாடம். இனி வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை.

"அடிச்சுக்குங்க. இனிமே அவரு மாற மாட்டாரு" என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் அவர் போய்விட்டார் என்பது எனக்கே உறைத்தது.