சித்திரை வெயிலில் ஒரு குரங்குக் குல்லா

அருப்புக்கோட்டைச் சித்திரை வெயிலில் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக டயாலிசிஸுக்கு வருவார் அவர். காரியாபட்டியில் பலசரக்குக் கடைக்காரர். ஒட்டிய கன்னம், வீங்கிய பாதம்.

“அண்ணாச்சி ஊட்டிக்குக் கெளம்பிட்டாக” என்று பக்கத்துக் கட்டில்காரர் சீண்டுவார். ஆனால் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அவருக்குக் குளிர் நடுக்கம் வந்துவிடும். பாதியில் நிறுத்துவார்கள், ரத்தம் முழுதாகச் சுத்தமாகாது.

ஆய்வுக்காக அந்த மருத்துவமனையில் நான் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். தொட்டி, சுத்திகரிப்பான், சுவர்க்குழாய் எல்லாம் சுத்தம். அவருடைய இயந்திரத்துக்குள் நுழையும் தண்ணீரில் மட்டும் பாக்டீரியா. சுவர்க்குழாய்க்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்தது முழ நீள ரப்பர் ஓஸ்தான். இயந்திரத்தைக் கழுவும் மருந்து அதற்குள் போவதே இல்லை. வெட்டிப் பார்த்தேன், உள்ளே வழவழவென்று பாக்டீரியாப் படலம். நடுக்கத்துக்குக் காரணம் இதுதான். மருத்துவரிடம் காட்டி அன்றே எல்லா ஓஸையும் மாற்ற வைத்தேன்.

அடுத்த முறை அவர் கட்டிலருகிலேயே நின்றேன். நேரம் போனது, நடுக்கம் வரவில்லை. அவர் மூக்கிலிருந்து வேர்வை சொட்டியது.

“குல்லாவக் கழட்டுங்க அண்ணாச்சி.”

“இரும்மா. கழட்டுனா வந்துருமோன்னு இருக்கு.”

முழு நேரமும் ஓடி இயந்திரம் நின்ற பிறகுதான் குல்லாவை உருவினார்.

“ஃபேனக் கூட்டி வைங்கம்மா, வேக்காடு தாங்கல.”

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அவரோ குல்லாவை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“இன்னும் எதுக்கு அது?”

“ஒங்க ஓஸ நம்புறேம்மா. இதுவும் கூட வரட்டும்.”